நரம்பு டிரைவரின் தீபாவளி லீவு

ஆவூர்லேருந்து புதுக்கோட்டை போற காலை பஸ்ஸுல யார் ஏறினாலும் சரி, கண்டக்டர் டிக்கெட் கிழிக்கிறதுக்கு முன்னாடியே டிரைவர் அவங்க நரம்பைப் பார்த்து முடிச்சிருப்பாரு. கையைத் தொட்டெல்லாம் பார்க்க மாட்டாரு. தலைக்கு மேல கண்ணாடி ஒண்ணு இருக்கும், அதுல ஒரு பார்வை. அம்புட்டுத்தான். "பெரியவருக்கு இன்னைக்கு நரம்பு தொய்வா இருக்கே, கோர்ட்டுல வாய்தாவா?"ம்பாரு. அந்தப் பெரியவர் வாயப் பொளந்துக்கிட்டு, "ஆமய்யா, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"ம்பாரு. கக்கத்துல கேஸ்கட்டை இடுக்கிக்கிட்டு ஏறுற மனுசனுக்குக் கோர்ட்டா கல்யாணமான்னு யாருக்குத்தான் தெரியாது? எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஆனா சனங்களுக்கு அவர் சொன்னா சொன்னதுதான். நரம்பு டிரைவர்ங்கிற பேரே நிலைச்சுப் போச்சு.

சமஸ்தானம் போயி கொஞ்ச வருஷம் ஆகியிருந்த காலம் அது. நான் புதுக்கோட்டையில ஒரு பொண்ணுங்க பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் டீச்சர். எங்க அக்கா டவுன் ஆஸ்பத்திரியில நர்ஸ். அப்பா அம்மா போனபெறகும் ரெண்டு பேரும் ஆவூருக்குப் பக்கத்துல சொந்த ஊர்லயே இருந்துக்கிட்டு, தினம் பஸ்ஸுல போய்வந்தோம். எங்க ஊரு பூரா வேதக்காரங்க, அதாவது கிறிஸ்தவங்க. டிரைவரும் வேதக்காரர்தான், ஆனா அரிமளத்துப் பக்கம். யுத்தத்துல மிலிட்டரி லாரி ஓட்டிக்கிட்டு இத்தாலி வரைக்கும் போனவரு. மத்தவங்க அங்கேருந்து கம்பளி, கைக்கடிகாரம்னு கொண்டாந்தாங்க. இவரு போலந்து பாஷையைக் கொண்டாந்தாரு. அதுவும் முழுசா இல்லை. அந்த பாஷையில ஒரு வாய் தண்ணி கேக்கத் தெரியாது அவருக்கு. நரம்பைப் பத்தின பேச்சு மட்டும் தண்ணி பட்ட பாடு.

எனக்கு அது எப்படித் தெரிய வந்துச்சுன்னா, ஒரு நாள் பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்‌ஷன். கையில பாடக்குறிப்பு நோட்டு, அதுவும் தலைகீழா. ஏறி உக்காந்ததும் டிரைவர் கண்ணாடியில பார்த்துட்டு, "டீச்சர் இன்னைக்கு க்வெம்பெக் நெர்வூஃப்"ன்னாரு.

"என்னது? புரியாத பாஷையில எதையாவது பேசிட்டுத் தப்பிச்சுக்கலாம்னு பாக்குறீங்களா?"ன்னு நான் எகிறிட்டேன். எனக்குக் கோபம் மூக்கு மேல. இன்னைக்கும் அப்படித்தான்.

"ஐயையோ, தப்பா ஒண்ணும் இல்லீங்க. நரம்பெல்லாம் நூல்கண்டா சுருண்டு கெடக்குன்னு அர்த்தம். போலந்துக்காரன் அப்படிச் சொல்லுவான். இங்கிலீஷ்ல எப்படீங்க?"

"பண்டில் ஆஃப் நெர்வ்ஸ். நரம்புக் கட்டு."

அடுத்த ஸ்டாப் வர்ற வரைக்கும் அதையே யோசிச்சுக்கிட்டு வந்தாரு. அப்புறம் தலையை ஆட்டுனாரு. "இல்லீங்க டீச்சர். கட்டுன்னா ஒரு முடிச்சை அவுத்தா தீந்துபோச்சு. நூல்கண்டுதான் சரி. நுனி எங்கிட்டு இருக்குன்னு மொதல்ல தேடணும்ல?"

அன்னையிலேருந்து தினமும் இதே வேலை. பஸ்ஸுல யாராவது யாரையாவது பாடாப் படுத்தினா போதும், "டீச்சர், இதுக்கு?"ன்னு கேள்வி வந்துரும். புள்ளைக்கு அரை டிக்கெட் போடச் சொல்லி ஒருத்தர் கண்டக்டரைப் போட்டு வறுத்தெடுத்தாரு. அந்தப் புள்ளைக்கு மீசை அரும்பியிருந்துச்சு. "ஜாவாஷ் மி நா நெர்வி. என் நரம்புல வேலை பாக்குறேன்னு அர்த்தம். கொத்தனார் மாதிரி ஏறி உக்காந்து வேலை பாக்குறான் பாருங்க"ன்னாரு டிரைவர். இங்கிலீஷ்ல வேலையெல்லாம் பாக்க மாட்டாங்க, நரம்பு மேல ஏறுவாங்க, அம்புட்டுத்தான்னு நான் சொன்னேன். "ஏறுறதுக்கு அது என்ன பஸ்ஸா?"ன்னு கண்டக்டர் எரிஞ்சு விழுந்தாரு. "நம்ம ஊர்ல இதுக்கு உசிர வாங்குறதுன்னு சொல்லுவோம். அதுதான் எனக்கு நடக்குது."

இன்னொரு நாள் பொம்பளைங்க சீட்டுல ஒரு மைனரு சட்டமா உக்காந்திருந்தான். நான் எழுப்பிவிட்டேன். எழுப்பிவிட்டேன்னா, குடையால. "யூ ஹேவ் எ நெர்வ்"ன்னு இங்கிலீஷ்ல வேற கத்திட்டேன். ஒனக்கு என்ன திமிர்னு அர்த்தம்னதும் டிரைவருக்கு ஆச்சரியம் தாங்கல. "திமிரையும் நரம்புலயா வச்சிருக்கான் இங்கிலீஷ்காரன்? அன்னைக்கு நீங்கதானே தைரியமும் நரம்புன்னீங்க? ரெண்டையும் ஒரே எடத்துல வச்சா எப்படிங்க? எடம் இல்லையா அவனுக்கு?" போலந்துக்காரன் திமிரைத் துபெத்ன்னு தனியா வச்சிருக்கானாம். நாம எங்கே வச்சிருக்கோம்னு ரெண்டு பேரும் யோசிச்சோம். கொழுப்புலன்னு பின்சீட்டுலேருந்து ஒரு அம்மா சொன்னாங்க. பயத்தை ஈரக்குலையில வச்சிருக்கோம்னு இன்னொருத்தர் சொன்னாரு. டவுன் வர்ற வரைக்கும் பஸ்ஸே சேந்து ஒடம்பைக் கூறு போட்டுக்கிட்டு வந்துச்சு.

ஒரே ஒரு தடவைதான் அவரு பதிலுக்குப் போலந்து சொல்லல. தைரியம் போயிட்டா இங்கிலீஷ்ல என்னன்னு கேட்டாரு. நரம்பைத் தொலைச்சுட்டான்னு சொல்லுவாங்கன்னேன். "தொலைச்சுட்டானா"ன்னு மட்டும் சொன்னாரு. அப்புறம் ரோட்டைத்தான் பார்த்தாரு.

அக்கா இந்தப் பேச்சு எதுலயும் கலந்துக்காது. ஜன்னலோரமா உக்காந்து கண்ணை மூடிக்கும். எதுக்கும் அசையாது. பாம்பாட்டி ஒருத்தர் கூடையை மடியில வச்சுக்கிட்டு வந்து, குலுக்கல்ல மூடி தொறந்துக்கிச்சு பாருங்க, பஸ்ஸு ஓடுறதுகூட மறந்துபோயி சனங்க ஜன்னல் வழியா ஏறிக் குதிக்கப் பாக்குறாங்க. நான் சீட்டு மேல நிக்கிறேன். அக்கா எந்திரிச்சுப் போயி மூடியை எடுத்து மூடி, மேல தன்னோட டிபன் கேரியரைத் தூக்கி வச்சுட்டு, "வெயில்ல சுருண்டு கெடக்கு பாவம், தண்ணி காட்டுனீங்களா?"ன்னு அந்த ஆளைக் கேட்டுச்சு.

"நெர்வி யாக் போஸ்த்ரோன்கி!"ன்னு டிரைவர் கத்திட்டாரு. குதிரையை வண்டியில பூட்டுற கயிறாம் அது. நரம்பு அப்படியாப்பட்ட கயிறாம். இங்கிலீஷ்ல எஃகுன்னு சொல்லுவோம்னேன். அவருக்குப் பிடிக்கல. "ஒங்க அக்கா எஃகு இல்லீங்க. கயிறுதான். எஃகு, பாம்புக்குத் தண்ணி காட்டச் சொல்லுமா?"

"கயிறுன்னு சொல்றதுக்கு இம்புட்டு சுத்தா?"ன்னு அக்கா கேட்டுச்சு. ஆனா சிரிச்சுச்சு. அதை நான் பார்த்தேன்.

அவர்கிட்ட எனக்குப் பிடிபடாத வழக்கம் ரெண்டு உண்டு. ஒண்ணு, பஸ்ஸை எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு உள்ளங்கையையும் ஸ்டீயரிங் மேல விரிச்சு வச்சுக்கிட்டு, கண்ணை மூடிச் சும்மா உக்காந்திருப்பாரு. அவரு தலையை ஆட்டுற வரைக்கும் கண்டக்டர் விசில் ஊத மாட்டாரு. சனங்க அதைச் செபம்னு நினைச்சாங்க. வேதக்காரங்க சிலுவை போட்டுக்குவாங்க, மத்தவங்க கன்னத்துல போட்டுக்குவாங்க, பாய் ஒருத்தர் கையேந்துவாரு. பஸ்ஸே கும்பிடும்.

ரெண்டாவது, தீபாவளி. வருஷம் பூரா ஒரு நாள் லீவு எடுக்காத மனுசன், தீபாவளிக்கு மட்டும் முதல் நாளும் சேத்து லீவு கேப்பாரு. கிறிஸ்மஸுக்கு ஓட்டுவாரு, ஈஸ்டர் பாஸ்காவுக்கு ஓட்டுவாரு, தீபாவளிக்கு மாட்டாரு. "நீ எந்த ஊரு வேதக்காரன்டா?"ன்னு முதலாளி தலையில அடிச்சுக்குவாராம். திருவிழாச் சமயத்துல அதிர்வேட்டு போடுற ஊர் வந்தா, அரை மைலுக்கு முன்னாடியே நிறுத்திட்டு, "இங்கிட்டே எறங்கி நடங்க. சாமி பாக்க வர்றவங்க நடந்து வந்தாத்தான் புண்ணியம்"ம்பாரு. திட்டிக்கிட்டே நடப்போம்.

இப்படி இருக்கையில ஒரு வாரமா என்கிட்ட வந்து, "டீச்சர், ஒரு சங்கதி"ம்பாரு, அப்புறம் "ஒண்ணும் இல்லீங்க"ம்பாரு. வேர்த்து ஊத்தும். எனக்குப் புரிஞ்சுபோச்சு. மனசு நோகாம எப்படி வேணாம்னு சொல்றதுன்னு நல்ல நல்ல வார்த்தையா யோசிச்சு வச்சிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வழியாச் சொன்னாரு. "ஒங்க அக்காவை... நீங்கதான் கேட்டுச் சொல்லணும்." நான் யோசிச்சு வச்ச வார்த்தையெல்லாம் வீணாப் போச்சு. என் மூஞ்சி போன போக்கைக் கண்ணாடியில பார்த்திருப்பாரு. நல்லவேளை, என் நரம்பைப் பத்தி அன்னைக்கு ஒண்ணும் சொல்லல.

அக்காவுக்கு அப்போ முப்பதைத் தாண்டி ரெண்டு மூணு வருஷம் ஆயிருச்சு. அது சம்பளத்துலதான் நான் படிச்சேன். அதுக்குள்ள வந்த மாப்பிள்ளை எல்லாம் வேற வீட்டுக்குப் போயிட்டாங்க. இனி யாரு வரப்போறான்னு ஊரே கைகழுவிட்ட நேரம். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னா, அக்கா அரிசி களைஞ்ச கையைக்கூட துடைக்காம, "சரின்னு சொல்லு"ன்னுச்சு. அம்புட்டு சீக்கிரமாச் சொல்லும்னு நான் எதிர்பாக்கல.

எங்கள்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிஞ்சா சொல்லணும்னு பங்குச் சாமியார் பூசையில படிப்பாரு. பொண்ணும் மாப்பிள்ளையும் அப்போ கோயிலுக்குள்ள இருக்கக்கூடாது, வெளியதான் நிக்கணும்ங்கிறது எங்க ஊர் வழக்கம். மொத ஓலையில சாமியார் அவரோட ஞானஸ்நானப் பேரை வாசிச்சாரு. யாருக்கும் புரியல. கோயிலுக்குள்ள ஒரே முணுமுணுப்பு. சாமியார் கண்ணாடியைக் கழட்டிட்டு, "நம்ம நரம்பு டிரைவர்"ன்னாரு. "அட, அப்படிச் சொல்லுங்க சாமி!"ன்னு சனம் மூச்சு விட்டுச்சு.

ரெண்டாவது ஓலை முடிஞ்ச மறுநாள் எங்க சித்தப்பா தடை சொல்லிட்டாரு. அப்பாவோட தம்பி. கோயில்ல உபதேசியார், அதாவது சாமியாருக்கு அடுத்து ஊருக்கே புத்தி சொல்ற உத்தியோகம். வாயை மட்டும் திறந்துட்டாருன்னா தண்டோரா தேவையில்லை. "இத்தாலியில பக்கத்துல ஒரு போலந்துக்காரன் இருந்தான்ங்கிறான். இருந்தானா, இருந்தாளா? ஆம்பளை ஆம்பளைகிட்ட நரம்பைப் பத்தியா பேசுவான்? சரி, அதுவாச்சும் கடல் கடந்த கதை. தீபாவளிக்குத் தீபாவளி எங்கே போறான்? அங்கிட்டு எவளோ ஒருத்தி எண்ணெய் தேய்ச்சு வுட்டு, வடை சுட்டுப் போடுறா. ரெண்டு சம்சாரம் இருக்கிறவனுக்கு நம்ம பிள்ளை மூணாவதா?" இதுக்குப் பதில் கிடைக்காம மூணாவது ஓலை வாசிக்க மாட்டேன்னு சாமியாரும் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை பூசைக்கு முன்னாடி வந்து பேசணும்னு ஏற்பாடு.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸு எங்க ஊர்ல வந்து நின்னதும் நான் டிரைவரை மடக்கிட்டேன். "என் அக்கா வாழ்க்கை இது. உள்ளதைச் சொல்லுங்க."

சொன்னாரு. இத்தாலியில ஒரு மலையடிவாரத்துல அவரு லாரிக்கு முன்னாடி போன லாரி மேல குண்டு விழுந்திருக்கு. அதுல இருந்தவங்க எல்லாம் கூட ஒண்ணாச் சோறு தின்னவங்க. இவருக்கு ஒரு கீறல் இல்லை. ஆனா அதுக்கப்புறம் கை நிக்கல. டம்ளர் பிடிக்க முடியல. தகரம் விழுந்தாக்கூட கட்டிலுக்கு அடியில போயிருவாராம். நரம்பு ஆஸ்பத்திரியில போட்டுட்டாங்க. பக்கத்துக் கட்டில்ல போலந்து சிப்பாய் ஒருத்தன், அவனுக்கும் அதே கதி. அவனுக்கு இங்கிலீஷ் கொஞ்சம், இவருக்கு அதைவிடக் கொஞ்சம். டாக்டர் வந்து பேசுறது நரம்பு, நர்ஸு கேக்குறது நரம்பு, ராத்திரி பகலா நினைக்கிறதும் நரம்பு. வேற எதைப் பத்திப் பேசுவாங்க? "த்ஷிமாய் நெர்வி நா வோட்ஸி"ன்னு அவன் சொல்லிக்கிட்டே இருப்பானாம். நரம்பைக் கடிவாளத்துல பிடிச்சுக்கோன்னு அர்த்தம். சொன்னவன் கையே நடுங்குமாம். கையை விரிச்சு வச்சுக் காத்திருந்தா நடுக்கம் அடங்கும்னு டாக்டர் பழக்கிவிட்டது அங்கேதான்.

"இப்ப நல்லாயிட்டேங்க. வெடிச்சத்தம் ஒண்ணுதான் ஆகாது. அதுக்குத்தான் தீபாவளிக்கு வண்டியைத் தொடுறதில்லை. ஏறுன சனத்தோட உசிருல நான் விளையாட முடியுமா? ஆனா இதை ஒங்க சித்தப்பா முன்னாடி சொன்னேன்னு வைங்க, விடியறதுக்குள்ள முதலாளி காதுக்குப் போயிரும். நரம்பு ஆஸ்பத்திரியில கெடந்தவனுக்கு எவன் பஸ்ஸைக் குடுப்பான்? சொல்லலைன்னா கல்யாணம் இல்லை. சொன்னா சோறு இல்லை. வேலையில்லாதவன் ஒங்க அக்காவைக் கட்டி என்ன செய்ய?"

இம்புட்டு நாளா இந்த மனுசனைப் போயி விளையாட்டா நினைச்சோமேன்னு இருந்துச்சு. ஆனா என் புத்தி எங்கே போகும்? "அதெல்லாம் சரி, தீபாவளிக்கு எங்கதான் போறீங்க?"ன்னேன். "அதை மட்டும் கேக்காதீங்க டீச்சர். அது என் ஒருத்தன் சங்கதி இல்லை"ன்னுட்டாரு. திரும்ப எனக்குச் சுருக்குன்னுச்சு. அப்போ ஒருத்தி இருக்காளா?

மறுநாள் காலையில சாமியார் பங்களா வராந்தாவுல சாமியாரு நாற்காலியில உக்காந்திருக்காரு. சித்தப்பா நிக்கிறாரு. அக்காவும் நானும் தூணோரமா. டிரைவர் காக்கிச் சட்டையோட கையைக் கட்டிக்கிட்டு. பூசை முடிஞ்சு எடுக்கவேண்டிய பஸ்ஸு சுவருக்கு அந்தப்பக்கம் நிக்குது. பூசைக்கு வந்தவங்க, பஸ்ஸுக்கு வந்தவங்க எல்லாரும் சுவர் மேல தாடையை வச்சுக்கிட்டுப் பாக்குறாங்க.

"தம்பி, தீபாவளிக்கு நீ போறது யார்கிட்ட?"ன்னு சாமியார் கேட்டாரு.

டிரைவரோட கட்டுன கை மெதுவா ஆட ஆரம்பிச்சிச்சு. அதை எங்க யார் கண்ணுக்கும் படாம கக்கத்துல சொருகிக்கிட்டாரு.

"பாத்தீங்களா சாமி! வாய் தெறக்குதா? எவளோ இருக்கா!"ன்னாரு சித்தப்பா.

டிரைவர் அக்காவைப் பார்த்தாரு. ஒரு முடிவுக்கு வந்துட்டாருன்னு தெரிஞ்சுச்சு. "சாமி, நான் இத்தாலியில ஒரு ஆஸ்பத்..."

"என்கிட்டதான் வர்றாரு"ன்னுச்சு அக்கா.

சுவர் மேல இருந்த தாடையெல்லாம் ஒண்ணா எழும்பிச்சு.

"என்ன ஆத்தா சொல்றே?"ன்னாரு சித்தப்பா. சத்தமே வரல அவருக்கு.

"தீபாவளிக்குத் தீபாவளி எவளோ ஒருத்திகிட்டப் போறார்னீங்கள்ல சித்தப்பா, அது நான்தான். வருஷா வருஷம் நான்தான்."

"எதுக்கும்மா?"ன்னாரு சாமியார்.

"அதைச் சொல்ல மாட்டேன் சாமி. பாவமா ஒண்ணும் பண்ணல. அதுக்கு மேல கேக்காதீங்க."

நெசம் எனக்கே பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. என்னன்னா, இந்து நர்ஸுங்க தீபாவளி கொண்டாடணும்னு வேதக்கார நர்ஸுங்கதான் அன்னைக்கு டூட்டி பாப்பாங்க. கிறிஸ்மஸுக்கு அவங்க பாப்பாங்க. அவரு இந்த பஸ்ஸுக்கு வந்த மொத தீபாவளியன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல வேர்த்து விறுவிறுத்து நின்ன ஆளை, நெஞ்சுவலின்னு நினைச்சு அக்கா உள்ளே கூட்டிட்டுப் போயிருக்கு. விஷயம் தெரிஞ்சதும், மகாராஜா காலத்துக் கெட்டிச் சுவர் வச்ச பஞ்சு ஸ்டோர்ல உக்கார வச்சு வெளியே பூட்டியிருக்கு. சுத்திப் பஞ்சு மூட்டை. ஒரு சத்தம் உள்ளே வராது. நடுவுல நடுவுல காப்பி கொண்டுபோயிக் குடுக்கும். வருஷா வருஷம் அதேதான். ஒரு தடவைகூட யார்கிட்டயும், என்கிட்டக்கூட, மூச்சு விடல. அதைச் சொன்னா எதுக்கு வந்தாருன்னு சொல்லணுமே. அதனால பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிச்சு. கல்யாணமாகாத பொண்ணு, ஊர் பூரா சுவர் மேல தொங்கிக்கிட்டு இருக்கையில.

சாமியார் வயசானவரு, சனங்க பாவத்தை ஒப்புக்குற பாவசங்கீர்த்தனம் நிறையக் கேட்ட காது. அக்காவையும் பார்த்தாரு, டிரைவர் கக்கத்துல சொருகியிருந்த கையையும் பார்த்தாரு. எந்திரிச்சாரு. "உபதேசியாரே, ஓலையை எடும். இன்னைக்கே வாசிச்சுடுவோம். இனிமே தள்ளிப்போட்டா நல்லாயிருக்காது." சித்தப்பாவும் வேகமாத் தலையாட்டுனாரு. அதுவரைக்கும் கல்யாணமே கூடாதுன்னவரு, இப்போ இன்னைக்கே தாலி கட்டுனாக்கூட தேவலைங்கிற மாதிரி ஓடுறாரு கோயிலுக்குள்ள.

கோயில்ல மணி அடிச்சுச்சு. சனமெல்லாம் உள்ளே போயிட்டாங்க. வழக்கப்படி அவங்க ரெண்டு பேரும் வெளியதான் நிக்கணும். துணைக்கு நான். அக்கா செருப்பை மாட்டப் போச்சு, கால் உள்ளே போகல. குனிஞ்சு கையால பிடிச்சா, கை கிடுகிடுன்னு ஆடுது. பாம்புக்கூடையை மூடுன கை அது. "எனக்கு என்னமோ பண்ணுதுடி"ன்னுச்சு. நான் அக்காவை அப்படிப் பார்த்ததே இல்லை. பயந்துபோயி அழ ஆரம்பிச்சுட்டேன்.

"டீச்சர், நீங்க வேற. அழாதீங்க"ன்னுட்டு அவரு அக்காவைக் கூட்டிட்டுப் போயி பஸ்ஸுல தன்னோட சீட்டுல ஏத்தி உக்கார வச்சாரு. ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சு ஸ்டீயரிங் மேல வைக்கச் சொன்னாரு.

"ஆடட்டும். ஆடுறதை அடக்காதீங்க நர்ஸம்மா. சும்மா பார்த்துக்கிட்டே இருங்க. நுனி தானா வரும்."

"கயிறுன்னீங்க என்னை"ன்னு அக்கா அழுதுக்கிட்டே சிரிச்சுச்சு.

"கயிறுதான். இம்புட்டு பாரத்தை இழுத்தா எந்தக் கயிறும் கொஞ்ச நேரம் அதிரும்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "டீச்சர், தைரியத்தையும் திமிரையும் ஒரே எடத்துல வச்சான்னு இங்கிலீஷ்காரனைத் திட்டுனேன்ல? அவன் ஒங்க அக்கா மாதிரி யாரையோ பார்த்திருக்கான்"ன்னாரு.

கோயில் ஜன்னல் வழியா சாமியார் குரல் கேட்டுச்சு. அவரு பேரு, அக்கா பேரு, மூணாவது ஓலை. யாருக்காவது தடை தெரிந்தால் இப்போதே சொல்ல வேண்டும்னு வாசிச்சு நிறுத்துனாரு. உள்ளே யாரும் இருமக்கூட இல்லை. அக்காவோட விரல் ஒண்ணொண்ணா அடங்குச்சு, கடைசியா சுண்டுவிரல். கண்டக்டர் படிக்கட்டுல நின்னு விசிலை வாயில வச்சுக்கிட்டுக் காத்திருந்தாரு. அக்கா நிமிந்து, டிரைவர் மாதிரியே தலையை ஆட்டுச்சு. பஸ்ஸுல ஒரு சனம் இல்லை, பூசையும் இன்னும் முடியல. கண்டக்டர் விசிலை ஊதிட்டாரு.